வீட்டு வாயிலில் நின்ற சட்டம்

1

1874ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. காலை வேளையில் மதுமயக்கத்தோடு வீடு திரும்பிய ஒருவன், வீட்டிலிருந்த பன்றியிறைச்சியிற் புழு இருப்பதாகக் கூறி மனைவியைக் கடிந்துகொண்டான். சிறிது உண்டபின் கோப்பிக் கிண்ணத்தையும் பாத்திரத்தையும் அறையின் மூலையில் வீசிவிட்டு வெளியே சென்று, நான்கடி நீளமான இரண்டு மரக்கொம்புகளை வெட்டிவந்தான். அவற்றால் மனைவியை அடித்தான். அங்கு நின்றவர்கள் சிலர் தடுத்தமையால் ஐந்தாவது அடியோடு நிறுத்திக்கொண்டான். அவர்கள் அங்கு இல்லாதிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேன் என்று சொல்லவுஞ் செய்தான். அப்பெண்ணின் கையிலே கன்றிய தழும்புகள் இரண்டு வாரம் வரை மறையவில்லை. ஆயினும் அவளால் வேலை செய்ய முடிந்தது என்ற குறிப்பும் வழக்கேட்டிலே காணப்படுகிறது.

கீழ்நீதிமன்று அவனுக்குப் பத்து டொலர் அபராதம் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றும் அவன் குற்றவாளியே என்று உறுதிசெய்தது. மனைவியை அடித்துத் திருத்தும் உரிமை கணவனுக்கு எவ்விதத்திலும் இல்லை என்றும் தெளிவாகக் கூறிற்று. அத்தோடு நீதிபதிகள் நிறுத்தியிருந்தால் அத்தீர்ப்பு பெண்குலத்தின் வெற்றிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். நிலையான ஊனமோ, வன்மமோ, கொடூரமோ இல்லாதவிடத்து, ஊரார் பார்வையிற் படாதவாறு திரையை இழுத்து மூடிவிடுவதே நன்று. கணவனும் மனைவியும் தமக்குள் மறந்து மன்னித்துக்கொள்ளட்டும் என்பதே அவர்களது கருத்தாகும்.

அடிக்கும் உரிமையைச் சட்டம் பறித்துக்கொண்டது. அடிப்பவனைக் காணும் கண்ணையும் சட்டமே மூடிக்கொண்டது. குடும்ப வன்முறை பற்றிய கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றின் சாரம் இந்த ஒரே தீர்ப்பில் அடங்கியுள்ளது என்றால் மிகையாகாது. அந்தத் திரையை விலக்கியவர் யாவர், எவ்வாறு விலக்கினர், விலக்கியபோது எவற்றைக் கண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

"பெருவிரலின் பருமனுக்கு மேற்படாத கோலினால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் விதித்திருந்தது" என்ற செய்தி பல நூல்களிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வந்துள்ளது. அத்தகைய சட்டவிதி எதுவும் ஆங்கிலச் சட்ட ஏடுகளில் இல்லை. 1782ஆம் ஆண்டில் புல்லர் என்ற நீதிபதி அவ்வாறு கூறினார் என்ற பேச்சு எழுந்தது. கேலிச்சித்திரக்காரர்கள் அவரைப் 'பெருவிரல் நீதிபதி' என்று நையாண்டி செய்தனர். 1868ஆம் ஆண்டு வட கரோலைனாவில் வந்த மற்றொரு வழக்கில், கணவன் அடித்த கோல் விரலளவு பருமனுடையது, பெருவிரலிலும் சிறியது என்பதைக் காரணமாகக் காட்டிக் கீழ்நீதிமன்று அவனை விடுவித்தது. மேல்நீதிமன்று அவனது விடுதலையை ஏற்றுக்கொண்டபோதிலும் அக்காரணத்தை ஏற்கவில்லை. கோலின் பருமனை அளப்பது தனது வேலையன்று என்றும், வீட்டிற்குள் நடக்கும் அற்ப விவகாரங்களிலே தான் தலையிடுவதில்லை என்றுமே அது காரணங் கூறிற்று.

கட்டுக்கதையிலும் பார்க்க உண்மை கொடியது. பெருவிரல் விதி இருந்திருந்தால் அதற்கு மேற்பட்ட கோலையாவது சட்டம் தடுத்திருக்கும். 'குடும்ப விவகாரம்' என்ற விதிக்கோ அளவே இல்லை.

இக்கொள்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. 1765ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமது விளக்கநூலில் பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் அதனைத் தெளிவாக எடுத்துக் கூறியுள்ளார். மனைவியின் நடத்தைக்குக் கணவன் பொறுப்பாளி. ஆகவே பழைய சட்டம் வேலை பயிலும் சிறுவனையும் பிள்ளையையும் போல மனைவியையும் மிதமாகத் திருத்த அவனுக்கு இடமளித்தது என்கிறார் அவர். அவ்வுரிமை பின்னர் ஐயத்திற்குள்ளாயிற்று என்றும், ஆயினும் கீழ்நிலை மக்கள் அதனை இன்னும் விடாது பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்றும் அவரே தொடர்கிறார். எசமானும் வேலைக்காரனும், தந்தையும் பிள்ளையும், கணவனும் மனைவியும் ஒரே அதிகாரப் படிக்கட்டின் வெவ்வேறு படிகள் என்பதை இதிலும் வெளிப்படையாக எவரும் கூறியதில்லை.

கீழ்நிலை மக்களின் மேற் பழியைச் சுமத்தும் வழக்கமும் அங்கேயே தொடங்கிவிட்டது. கரோலைன் நோர்ட்டன் என்ற எழுத்தாளரின் வாழ்க்கை அப்பழி எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்டுகிறது. அவருடைய கணவர் ஒரு வழக்கறிஞர். பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர் மனைவியை அடித்தார். 1836ஆம் ஆண்டில் மூன்று ஆண்பிள்ளைகளையும் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு சென்றார். பிள்ளைகள் தந்தையின் உடைமை என்பதே அன்றைய சட்டம். அவ்வம்மையார் எழுதிச் சம்பாதித்த பணமும் கணவனுக்கே உரியது. அவர் எழுதிய துண்டுப்பிரசுரங்களும் அவரது இடையறாத போராட்டமும் 1839ஆம் ஆண்டின் சிறார் பராமரிப்புச் சட்டத்திற்கு வழிகோலின.

1878ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பவர் கொப் என்ற பெண்மணி, இங்கிலாந்தில் மனைவியர் அனுபவிக்கும் சித்திரவதை பற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'மனைவியை அடித்தல்' என்ற சொல் ஏதோ வேடிக்கைபோல் ஒலிக்கின்றது. நடப்பது சித்திரவதை, ஆகவே அதனை அப்பெயராலேயே அழைக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மனைவி கணவனின் சொத்து என்ற எண்ணமே இதன் வேர் என்பதையும் அவர் கண்டுகொண்டார். அதே ஆண்டில் நிறைவேறிய விவாக வழக்குச் சட்டம், கொடுந்தாக்குதலுக்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால் மனைவி பிரிந்து வாழவும் பராமரிப்புப் பணம் பெறவும் நீதவான் கட்டளையிடலாம் என்று விதித்தது. பிள்ளையும் பணமும் பற்றிய ஏற்பாடு இல்லாது 'பிரிந்து போ' என்று சொல்வதிற் பொருளில்லை என்பதைச் சட்டம் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது இதிலேதான். ஆயினும் மனைவி சோரம்போனவள் என்று நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. கற்பு என்ற விலை கொடுத்தே உயிர்ப் பாதுகாப்பைப் பெறவேண்டியிருந்தது.

அமெரிக்காவிலோ இப்பிரச்சினை நிறவெறியோடும் பின்னிக்கிடந்தது. மேரிலண்ட் 1882ஆம் ஆண்டிலும், டெலவெயர் 1901ஆம் ஆண்டிலும், ஒரிகன் 1905ஆம் ஆண்டிலும் மனைவியை அடிப்பவனுக்குக் கசையடி வழங்கச் சட்டம் இயற்றின. அக்கசை எல்லா முதுகிலும் ஒரேவிதமாக விழவில்லை. கறுப்பின மக்களே அதனால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். மேன்மக்களின் வீட்டிற்குத் திரை, ஏழையின் வீட்டிற்குச் சாட்டை என்பதாக நீதி நடந்தது.

3

இருபதாம் நூற்றாண்டில் நீதிபதியின் இடத்தை மனநோய் வைத்தியரும் சமூக சேவையாளரும் பகிர்ந்துகொண்டனர். திரை மாத்திரம் விலகவில்லை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர் மூவர் 'மனைவியை அடிப்பவனின் மனைவி' என்ற பொருளில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அடித்தவனைப் பற்றிய கேள்வி அங்கே அடிபட்டவளைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. அவளுடைய சுபாவமே நோய்க்குக் காரணம் என்பதாக முடிவு கூறப்பட்டது. பொலிசாருக்கோ, இருவரையும் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பவேண்டும், கைது செய்தல் கடைசி வழி என்ற போதனை அளிக்கப்பட்டது.

மாற்றம் நீதிமன்றிலிருந்தும் வரவில்லை, பல்கலைக்கழகத்திலிருந்தும் வரவில்லை. 1971ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் சிசிக் பகுதியில், பள்ளிச் சிறாருக்கு வழங்கப்பட்ட இலவசப் பால் குறைக்கப்பட்டதை எதிர்த்துப் பெண்கள் பிள்ளைகளோடு ஊர்வலம் சென்றனர். அந்த ஒற்றுமையினின்றும் பெண்கள் கூடிப் பேசுவதற்கான ஒரு சிறு வீடு உருவாயிற்று. எரின் பிட்சி என்ற பெண்மணி அதனை நடத்தினார். விலைவாசி பற்றிப் பேசவந்த பெண்கள் தமது உடம்பிலிருந்த காயங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினர். வந்தவர் சிலர் திரும்பிப் போக மறுத்தனர். பேசுவதற்கென்று திறந்த வீடு தங்குவதற்கான வீடாக மாறியது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சென் போல் நகரிலும் இதுவே நடந்தது. 1972ஆம் ஆண்டு அங்குள்ள பெண்கள் சிலர் சட்ட ஆலோசனை கூறுவதற்காக ஒரு தொலைபேசி இணைப்பை ஏற்படுத்தினர். அழைத்தவர்கள் சட்டத்தைப் பற்றிக் கேட்டது குறைவு, "இன்றிரவு நான் எங்கே படுப்பது?" என்பதே அவர்களது கேள்வியாயிருந்தது. தொண்டர்கள் தமது சொந்த வீடுகளிலே இடங் கொடுத்தனர். 1974ஆம் ஆண்டில் ஒரு புகலிடம் திறக்கப்பட்டது.

இங்கு ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. அடிபட்ட பெண் ஏன் விட்டுப் போகவில்லை என்ற கேள்வி நெடுங்காலமாக அவளுடைய மனத்தைப் பற்றிய கேள்வியாகவே கேட்கப்பட்டது. புகலிடங்களின் அனுபவம் அதனை வீட்டைப் பற்றிய கேள்வியாக, வாடகையைப் பற்றிய கேள்வியாக, பிள்ளையின் பாலைப் பற்றிய கேள்வியாக மாற்றிற்று. பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டின் சட்டம் தடையுத்தரவை மீறும் கணவனைக் கைது செய்ய வழிசெய்தது. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு நிறைவேறிய வீடற்றோர் வீடமைப்புச் சட்டமும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. வன்முறைக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறியவளும் வீடற்றவளே என்று அது ஏற்றுக்கொண்டது. கூரை ஒன்று வேறிடத்தில் இருக்கிறது என்ற உறுதியே பல பெண்களுக்கு முதல் நீதியாயிற்று.

4

புகலிடங்கள் தந்த இரண்டாவது கொடை அறிவு. வன்முறை என்பது யாது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பதை உலகிற்கு எடுத்துரைத்தவர்கள் அதனை அனுபவித்த பெண்களேயாவர்.

மினசோட்டா மாநிலத்தின் டலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. பொலிஸ், நீதிமன்று, புகலிடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கேட்டுச் செயற்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அத்திட்டத்தைச் சார்ந்தவர்கள் பெண்கள் பலரோடு கூடியிருந்து, அவர்களுடைய அன்றாட வாழ்விலே நடந்தவற்றைக் கேட்டுத் தொகுத்தனர். அடி உதை மாத்திரமே பேசப்படும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வேறொரு சித்திரம் கிடைத்தது. 1984ஆம் ஆண்டளவில் அதனை ஒரு சக்கரத்தின் வடிவிலே வரைந்தனர். சக்கரத்தின் விளிம்பிலே உடற்றாக்குதலும் பாலியல் வன்முறையும், ஆரங்களாக எட்டு வழிகள்: பயமுறுத்தல், மிரட்டிப் பணியவைத்தல், இழித்துப் பேசி மனத்தை உடைத்தல், உறவினரிடமிருந்தும் நண்பரிடமிருந்தும் பிரித்து வைத்தல், நடந்ததை அற்பமாக்கி, மறுத்து, அவள்மீதே பழி போடல், பிள்ளைகளைக் கருவியாக்கல், ஆண் என்ற உரிமையைக் கொண்டு முடிவெல்லாம் தானே எடுத்தல், கையிற் காசில்லாது செய்தல். நடுவில் அச்சாக இருப்பது அதிகாரமும் கட்டுப்பாடும்.

அடி நாள்தோறும் விழவேண்டுமென்பதில்லை. ஒருமுறை விழுந்த அடியின் நினைவு மற்ற எட்டையும் இயக்கப் போதுமானது. இது தெரியாதவிடத்து அயலவர், "இப்போது அவன் அடிப்பதில்லையே" என்று ஆறுதலடைந்து விடுகின்றனர். சம்பளத்தை ஒவ்வொரு மாதமும் பறித்தெடுப்பவனும், தாய்வீட்டுக்குப் போகவிடாது தடுப்பவனும், எங்கு போனாய் யாரோடு பேசினாய் என்று மணிக்கொருதரம் கணக்குக் கேட்பவனும் அதே சக்கரத்தின் ஆரங்களையே பற்றியிருக்கின்றனர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க் இதனை வலிந்த கட்டுப்பாடு என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015ஆம் ஆண்டின் சட்டம் அதனையே தனிக்குற்றமாக்கிற்று. 1874ஆம் ஆண்டில் தழும்பையும் கோலையும் எண்ணிக்கொண்டிருந்த நீதி, தழும்பில்லாத வன்முறையைக் காண்பதற்கு நூற்று நாற்பத்தோராண்டு சென்றது.

எந்த அடையாளங்கள் கொலைக்கு அண்மையிலுள்ளவை என்பதையும் இதே அறிவு காட்டிற்று. 1980களில் தாதிமைத்துறை ஆய்வாளர் ஜாக்குலின் கம்பெல் ஆபத்தை அளவிடும் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். கழுத்தை நெரித்தல், வீட்டிலே துப்பாக்கி இருத்தல், கொல்வேன் என்ற மிரட்டல், மிதமிஞ்சிய சந்தேகம் ஆகியன அதிலே முக்கியமானவை. கழுத்தை நெரித்தபோது வெளியிலே காயந் தெரியாதிருக்கலாம். ஆயினும் அது மிகப் பெரிய எச்சரிக்கையாகும். மற்றொன்று, பலரும் எண்ணுவதற்கு மாறானது: பெண் பிரிந்து செல்லும் வேளையும் பிரிந்த பின்னுள்ள காலமுமே அதிக ஆபத்தானவை. "உடனே வெளியேறு" என்று அறிவுரை கூறிவிட்டுத் தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர் அவளுக்கு உதவியவராகார். எங்கே போவது, யாரிடம் போவது, பிள்ளைகளின் பத்திரங்கள் எங்கே, கையில் எவ்வளவு காசு என்பவற்றை முன்னரே அவளோடு சேர்ந்து ஆராய்ந்து வைப்பதே உதவியாகும்.

5

சட்டம் தயங்கி நின்ற வாயில் வீட்டு வாயில் ஒன்றுதான் என்று எண்ணிவிடக்கூடாது. அதற்கப்பால் மற்றுமொரு வாயில் உண்டு. அது படைமுகாமின் வாயில்.

அமெரிக்கப் படையில் நெடுங்காலமாகச் சாதாரணச் சிப்பாய்க்கு மனைவி தேவையற்ற சுமை என்ற எண்ணமே நிலவியது. 1973ஆம் ஆண்டில் கட்டாயப் படைச்சேவை முடிவுக்கு வந்து, சம்பளத்திற்குத் தாமாகச் சேருவோரைக் கொண்ட படை உருவாகியபின் நிலைமை மாறிற்று. குடும்பத்தோடு வாழும் படைவீரர் பெருகினர். முகாமுக்குள்ளேயே வீடும் கடையும் ஆசுபத்திரியும் பெருகின. 1980களின் தொடக்கத்தில் குடும்ப வன்முறையைக் கவனிப்பதற்கென்று ஒரு திட்டமும் பாதுகாப்புத் திணைக்களத்தில் ஏற்பட்டது.

அம்முகாமில் வாழும் மனைவியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் குடியிருக்கும் வீடு கணவனின் உத்தியோகத்தினாற் கிடைத்தது. நோய்க்கு மருந்தும் அவ்வாறே. சில ஆண்டுகளுக்கொருமுறை ஊர்விட்டு ஊர், சிலவேளை நாடுவிட்டு நாடு மாற்றப்படுவதால் தாயும் சகோதரரும் அண்மையில் இல்லை. நிலையான தொழிலும் இல்லை. முறையிட வேண்டுமாயின் கணவனின் கட்டளை அதிகாரியிடமே அது போய்ச் சேரும். அவ்வதிகாரிக்கோ தன் படைப்பிரிவின் நற்பெயரும், பயிற்றப்பட்ட வீரன் ஒருவனை இழக்காதிருத்தலும் முதற் கவலை. முறைப்பாடு மெய்ப்பிக்கப்பட்டுக் கணவன் படையிலிருந்து நீக்கப்பட்டால், அன்றே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வீடும் வருமானமும் இல்லை. டலூத் பெண்கள் வரைந்த சக்கரத்திலே கணவனின் கையிலிருந்த ஆரங்கள் பல இங்கு நிறுவனத்தின் கையிலேயே இருந்தன.

இதனை உணர்ந்தமையினால் 1993ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய ஒரு சட்டம், அத்தகைய குற்றத்திற்காக நீக்கப்பட்டவனின் குடும்பத்திற்குப் பன்னிரண்டு முதல் முப்பத்தாறு மாதங்கள் வரை உதவிப்பணம் வழங்க இடமளித்தது. 1878ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் கண்ட அதே உண்மையை, நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் படைத்துறை கண்டது: பிழைப்பிற்கு வழியில்லாதவளுக்கு முறையிடும் உரிமை வெறுஞ்சொல்.

1996ஆம் ஆண்டில் வேறொரு சட்டம், குடும்ப வன்முறைக் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவன் துப்பாக்கி வைத்திருத்தலாகாது என்றது. படைவீரனுக்கும் பொலிசாருக்கும் அதில் விலக்கில்லை. நல்ல சட்டமே. ஆயினும், தண்டனை பெற்றால் துப்பாக்கி போய்விடும், துப்பாக்கி போனால் தொழிலும் போய்விடும் என்ற நிலை, குற்றத்தை வேறு பெயரில் முடித்துவைக்கும் ஆசையையும் தூண்டவல்லது.

2002ஆம் ஆண்டு கோடையில் வட கரோலைனாவிலுள்ள போர்ட் பிராக் படைமுகாமைச் சேர்ந்த நான்கு வீரரின் மனைவியர், ஏறத்தாழ ஆறு வார காலத்திற்குள் தத்தம் கணவர் கையால் மாண்டனர். அக்கணவருள் மூவர் ஆப்கானிஸ்தான் போருக்குச் சென்று திரும்பியவர்கள். இருவர் கொலை செய்த உடனேயே தம்மையும் மாய்த்துக்கொண்டனர். 'மறந்து மன்னித்துக்கொள்ளட்டும்' என்று 1874ஆம் ஆண்டில் தீர்ப்பெழுதப்பட்ட அதே மாநிலத்தில் இது நடந்தது.

போர் மனிதனைக் கெடுத்தது என்று அப்போது பலர் கூறினர். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் போர்க்களம் கண்டு திரும்பியவர்களுட் பெரும்பாலோர் மனைவியைக் கொல்வதில்லை. போர்க்களமே காணாதவர்களுட் பலர் கொல்கின்றனர். போர் அதிகாரத்திற்குப் பழக்கத்தையும் ஆயுதத்தையும் கொடுக்கிறது. மனைவி தன் உடைமை என்ற எண்ணத்தை அவன் போருக்குப் போகும்போதே கொண்டு சென்றிருக்கிறான். படையினரின் மனக்காயத்திற்கு மருந்து வேண்டும் என்பது ஒன்று. அக்காயத்தை வன்முறைக்குச் சமாதானமாகக் கூறுதல் வேறொன்று. இரண்டையும் குழப்பினால் பழைய திரையே புதிய துணியில் நெய்யப்படும். அக்கொலைகளை ஆராய்ந்த படைத்துறைக் குழுவினர், மணவாழ்வின் பிணக்குகளோடு, உத்தியோகம் பாதிக்கப்படும் என்ற அச்சத்தால் வீரர்கள் உதவி நாடத் தயங்கியதையும் சுட்டிக்காட்டினர்.

அதே ஆண்டு டிசெம்பரில் வெளியான சட்டம், சாதாரண நீதிமன்று வழங்கிய பாதுகாப்புக் கட்டளை படைமுகாமுக்குள்ளும் செல்லுபடியாகும் என்றது. அதுவரை அக்கட்டளை முகாமின் வாயிலோடு நின்றுவிடும் நிலை இருந்தது என்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது. 2006ஆம் ஆண்டில், கட்டளை அதிகாரிக்குத் தெரியாமலே வைத்தியரிடமோ உதவியாளரிடமோ தன் துயரைக் கூறி உதவி பெறும் வழி பெண்ணுக்குத் திறந்துவிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் குடும்ப வன்முறை படைத்துறைச் சட்டத்தில் தனியொரு குற்றமாயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய சட்டம், அத்தகைய வழக்குகளைத் தொடர்வதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்டளை அதிகாரியிடமிருந்து எடுத்துச் சுயாதீனமான வழக்குத்தொடுநரிடம் ஒப்படைத்தது; 2023ஆம் ஆண்டின் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது.

இவற்றிற்கிடையில் 2017ஆம் ஆண்டு நொவெம்பரில் டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் தேவாலயத்திற் புகுந்து ஒருவன் இருபத்தாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் முன்னர் விமானப்படையில் இருந்தவன்; 2012ஆம் ஆண்டில் மனைவியையும் அவளுடைய குழந்தையையும் தாக்கியமைக்காகப் படைத்துறை நீதிமன்றினால் தண்டிக்கப்பட்டவன். துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன் என்ற அச்செய்தியை விமானப்படை உரிய இடத்திற்கு அனுப்பவில்லை. வீட்டுக்குள் நடந்ததை வீட்டு விவகாரம் என்று அற்பமாக்கியதன் விளைவு வீட்டோடு நின்றுவிடவில்லை.

6

இவ்வரலாற்றின் ஓர் அலை நமது கரையையும் தொட்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டில் கொழும்பில் 'துயருறும் மகளிர்' என்று பொருள்படும் பெயரோடு ஓர் அமைப்பு தோன்றி, அடிபட்ட பெண்களுக்குச் சட்ட உதவியும் ஆலோசனையும் அளிக்கத் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கென்று இயற்றப்பட்டது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றிலே விண்ணப்பிக்கலாம். பதினான்கு நாள் வரையான இடைக்காலக் கட்டளையும், பின்னர் பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். உடற்றாக்குதலோடு, இடைவிடாத கொடிய அவமதிப்பும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கும். மகளிர் அமைச்சின் 1938 என்ற தொலைபேசி எண்ணும் முறையிடுவோருக்கென உள்ளது.

சட்டம் இருக்கிறது. திரையும் இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச்சட்டம், தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று விதித்தது. தாய்வீடு கொடுத்த காணியே தப்பிச் செல்லும் வழியாக அமையாதவாறு பூட்டப்பட்டது. "புருஷன் பெண்சாதி சண்டை, நாங்கள் ஏன் தலையிடுவான்" என்று நம் ஒழுங்கைகளிற் கேட்கும் பேச்சு, வட கரோலைனா நீதிபதிகளின் தீர்ப்பைவிட வேறானதன்று. முப்பதாண்டு காலம் போர் நடந்த நாட்டில், ஆயுதமேந்திய ஆண்கள் பல தரப்பிலிருந்தும் வீடு திரும்பிய நாட்டில், படைமுகாம் மனைவியரின் வரலாறு வேற்று நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆகவே முதலில் நாம் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். 'அவள் ஏன் போகவில்லை' என்பதை விடுத்து, 'அவன் ஏன் அடிக்கிறான், அவள் போவதற்கு நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம்' என்று கேட்க வேண்டும். அவள் சொல்வதை நம்பிக் கேட்கும் ஒருவர். பிள்ளைகளோடு ஓரிரவு தங்க ஒரு திண்ணை. பொலிசுக்கும் நீதிமன்றுக்கும் கூடச்செல்ல ஒரு துணை. அவள் கையிலே அவள் உழைத்த காசு. சிசிக்கிலும் சென் போலிலும் எளிய பெண்கள் தொடங்கியது இவ்வளவே. சட்டங்கள் அவர்களுக்குப் பின்னாலேயே வந்தன.

1874ஆம் ஆண்டின் அந்தக் காலைவேளைக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். நான்காவது அடி விழுந்தபோது அங்கு நின்ற சிலர் "போதும், நிறுத்து" என்றனர். அவர்களுடைய பெயரை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. அவர்களுக்குச் சட்டந் தெரியாது, அதிகாரமும் இல்லை. ஆயினும் அன்று கோல் நின்றது அவர்கள் சொல்லினாலேயே.